செதுக்குளியும் உழைப்பவர் முகமும்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, ஏரியும் கடலும் கூடுமிடத்தில் பழவேற்காடு உள்ளது. 1613-இல் ஒல்லாந்தர் அங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அவர்களை அக்கரைக்கு ஈர்த்த பொருள்களுள் தலையாயது துணி.

சோழமண்டலக் கரையின் கைவினைஞர்கள் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். படிகாரக் கரைசலை அச்சுக்கட்டையாலோ எழுதுகோலாலோ அதன்மேல் இட்டு, பின்னர்ச் சாயவேர் நீரில் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிலைக்கும். ஏனைய இடத்துச் சாயம் வெளுப்பில் நீங்கும். இத்தகைய துணிகளுக்கு அஞ்சிய இங்கிலாந்து, தன் நெசவாளரைக் காக்கவேண்டி, 1701 முதல் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு அவற்றை இறக்குவதைத் தடுத்தது. 1721-இல் அச்சுப் பருத்தித் துணிகளுள் பெரும்பாலானவற்றை உடுத்துவதையே தடைசெய்தது. கட்டை செதுக்கிய கைகளுக்கு எதிராக ஒரு பேரரசு சட்டம் இயற்றிற்று!

ஆனால், பழவேற்காட்டுக் கல்லறைகளில் இன்றும் படிக்கக் கிடைப்பவை ஒல்லாந்தர் பெயர்களே. கட்டை செதுக்கியவர்க்கு அங்கே கல்லுமில்லை, பெயருமில்லை.

உழைத்தவரை மறக்கும் இவ்வழக்கத்தைச் செதுக்குளி கொண்டே எதிர்த்தவர் ஒருவர் உண்டு. அவர் 1915-இல் வங்கத்தில் பிறந்த ஓவியர் சித்தபிரசாத். பட்டாச்சாரியா எனும் சாதிப்பெயரைத் துறந்தவர். 1943-ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தின்போது மேதினிப்பூர் ஊர்களில் நடந்தே திரிந்து, பட்டினியால் மடிந்தோரை மையில் வரைந்தார். 'பசித்த வங்கம்' எனும் பொருள்பட வெளிவந்த அந்நூலின் படிகளை வெள்ளையராட்சி கைப்பற்றி எரித்தது.

1946-இல் பம்பாய் சென்ற அவர், இலினோச் செதுக்கில் தேர்ந்தார். இலினோலியம் என்பது தரைவிரிப்பு. ஆளிவிதை நெய்யையும் தக்கைத்தூளையும் சணல் துணிமேல் படிவித்துச் செய்வது. 1860-களில் ஆங்கிலேயர் வால்டன் ஆக்கியது. மரத்திற்குள்ள இழையோட்டம் அதற்கில்லை; ஆகவே உளி எப்பக்கமும் தடையின்றிச் செல்லும். செதுக்கிய பகுதி வெண்மையாக நிற்கும். செதுக்காத மேடு மையை ஏற்கும். அச்சுப்பொறியும் வேண்டா, தாளை மேலே வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தாலே படம் பதியும். ஒரு பலகையிலிருந்து பல படிகள் எடுக்கலாம். செல்வர் வீட்டுச் சுவரில் ஒற்றையாய்த் தொங்கும் ஓவியமன்று இது. பலர் கைக்கும் செல்வது. உப்பு நடைப்பயணத்தில் கோலூன்றி நடந்த காந்தியாரை 1930-இல் நந்தலால் போசு பதித்ததும் இம்முறையிலேயே.

சித்தபிரசாத் செதுக்கியவர்களோ பெயர் அறியப்படாதவர்கள்: விளையாடும் அகவையில் உழைப்புக்கு அனுப்பப்பட்ட சிறுவர் சிறுமியர். அத்தொடரை 1969-இல் டென்மார்க்கின் யுனிசெப் குழு நூலாக்கிற்று. கலைச்சந்தையின் பின்னே அவர் செல்லவில்லை. வறுமையிலேயே வாழ்ந்து 1978-இல் மறைந்தார். அவர் செதுக்கிய குழந்தைகள் மறையவில்லை.

பெருமக்களே! கும்மிடிப்பூண்டியில் எஃகு உருட்டாலைகளின் வெம்மையில் நிற்கும் உள்ளூர் உழைப்பாளியின் முகத்தையும், அவர் அருகே நிற்கும் வடபுல உழைப்பாளியின் முகத்தையும் யார் செதுக்கப்போகிறார்கள்? ஆலையின் பெயர் வாயிலில் ஒளிர்கிறது. அதனுள் தேயும் கைகளின் வடிவம் எங்கே பதிகிறது? பழவேற்காட்டில் நேர்ந்த மறதி இங்கும் நேரவேண்டுமா?

வேண்டுவன சில: ஒரு துண்டு இலினோ, ஓர் உளி, சிறிது மை, தாள். பள்ளிதோறும், படிப்பகந்தோறும் இவற்றை வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தந்தையின் முகத்தை, தாயின் கையை அவர்கள் செதுக்கட்டும். அடியில் அவர்தம் பெயரையும் செதுக்கட்டும். பலகையில் எழுத்தை இடவலம் மாற்றியே வெட்டவேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். தாளில் அப்பெயர் நேராக நிற்கும்.