சித்த நோயும் நாற்கூற்று மருத்துவமும்

(ஏற்காடு ஒண்டிக்கடையில் கூடிய சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவம் நான்கு கூறுடையது என்பர் திருவள்ளுவர். நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. உடல் நோய்க்கு இந்நான்கனையும் நாம் தேடுகின்றோம். அறிவும் உணர்ச்சியும் நிலைகுலையும் சித்த நோய்க்கோ, கதவடைத்து மறைத்தலையே மருந்தெனக் கொள்ளுகின்றோம். இது தகுமோ?

மருந்தென்னும் கூற்றில் நம் நாடு பின்தங்கியதன்று. சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலம் சித்தப் பிரமைக்கு வழங்கி வந்தனர். கணநாத சேனரும் கார்த்திக சந்திர போசரும் 1931-ஆம் ஆண்டில் அதன் குணத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். 1952-இல் சுவிட்சர்லாந்து தேயத்தார் அவ்வேரினின்று ரெசர்பின் என்னும் சத்தினைப் பிரித்தெடுத்தனர். அவ்வாண்டிலேயே பாரிசு நகரில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து சித்த நோயாளர்க்கு நற்பயன் தந்தது. பின்னர் ரெசர்பின் வழக்கு அருகிற்று. நம்முடையதென்ற பற்றினால் ஒரு மருந்தைக் கொள்ளுதலும், பிறருடையதென்று தள்ளுதலும் ஒருங்கே பிழையாம். நோயாளரை இரு பகுதியாக்கி, இருவகைச் சிகிச்சையும் தந்து, விளைவை ஒப்பிட்டுத் துணிதலே நெறி.

அந்நெறியால் நான்காங் கூற்றையும் அறிஞர் சோதித்தனர். மருத்துவர் சாரதா மேனன் அம்மையார் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையம் அதில் பங்குகொண்டது. தமிழ்நாடு, கோவா, சதாரா ஆகிய மூவிடங்களில் 282 நோயாளரைத் தேர்ந்து, 95 பேர்க்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் தந்தனர். எஞ்சிய 187 பேர்க்கு அதனோடு, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் மருத்துவர் மேற்பார்வையில் இல்லந்தேடிச் சென்று உதவினர். ஓராண்டு கழித்து நோக்கியபோது, உதவி பெற்றோரிடம் நோய்க்குறிகள் ஓரளவு தணிந்திருந்தன. மருந்தை விடாது உண்டோரும் அவருள்ளே மிகுதி. முடிவு 2014-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலேதான் அப்பயன் சிறந்து தோன்றிற்று என்பது நமக்கு ஊக்கந் தருவதாகும்.

ஆயினும் ஒன்று குறையவில்லை. அஃது ஊரார் இகழ்ச்சி. அதற்கு மருந்து ஆய்வுகூடத்தில் இல்லை, நம்மிடத்தேதான் உள்ளது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை மறத்தல் கூடுமோ? 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடுத்துவிட்டது. அவமானத்தால் வீட்டுக்குள் பூட்டிவைக்கும் வழக்கத்தை யார் தடுப்பது?

இம்மலையினின்று சேலம் அரசு மருத்துவமனைக்குச் செல்ல இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடத்தல் வேண்டும். தோட்டத்தில் நாட்கூலி பெறும் தாயொருத்தி, கலங்கிய மகனை அழைத்துக்கொண்டு திங்கள்தோறும் தனியே இறங்கி ஏறுதல் எளிதன்று. ஒரு திங்கள் தவறின் மருந்து தீரும். மருந்து தீரின் நோய் மீளும். ஆதலின் நம் சங்கத்து இளைஞர் இருவர் இப்பணியை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். உடன் செல்லுக; மருந்து தவறாமை நோக்குக; வீட்டார் சொல்வதைப் பொறுமையுடன் கேட்குக. பேருந்துக் கட்டணத்தைச் சங்கம் ஏற்பதாக.

புதிய மருந்துகளை அறிஞர் கண்டுதருவர். அருகிருந்து பேணும் நான்காங் கூறு நாமே ஆதல் வேண்டும்.