நின்ற படங்கள் அசைகின்ற விதம்

(சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)



நான் கதைக்க எடுத்துக்கொண்ட விடயம் சின்னது. கையில இருக்கிற நாலைந்து படங்களைக் கோர்த்து, கணினியிலே அசைகிற படமாக்குவது எப்படி என்பதுதான். "இது பெடியளின்ர விளையாட்டெல்லோ" என்று சிலர் நினைக்கலாம். விளையாட்டுத்தான். ஆனால் அந்த விளையாட்டிலே எங்கட வீட்டுப் படங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்ற கேள்வியும் இருக்கிறது.

ஊரிலே படிக்கிற காலத்தில் கொப்பியின் மூலையில் ஒவ்வொரு தாளிலும் ஓடுகிற மனிசனைக் கீறி, தாள்களை விரலால் விசுக்கிப் பார்த்தவர்கள் இங்கே கனபேர் இருப்பீர்கள். அதே வித்தைதான் இது. சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நாலு படமே போதும்.

ஜிஃப் என்ற பட வடிவம் 1987இல் அமெரிக்காவின் கொம்பியூசேர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட் தலைமையில் உருவானது. ஒரே கோப்புக்குள் பல படங்களை அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று குறிக்கும் வசதி 1989இல் வந்தது. அந்த நேரத்தை வினாடியின் நூறில் ஒரு பங்காக எண்ணுவார்கள்: 50 என்று போட்டால் அரை வினாடி. ஒரு படத்தில் 256 நிறங்கள்தான் நிற்கும். அதனால் கூறைச் சேலையின் சரிகை கொஞ்சம் திட்டுத்திட்டாகத் தெரியும், மனம் சலிக்காதேங்கோ.

முன்பு இதற்கென்று தனி மென்பொருள் வேண்டும். இப்போது உலாவியிலே ஒரு பக்கத்தைத் திறந்து, படங்களைத் தெரிவுசெய்தால் முடிந்தது. ஆனால் இந்தப் பக்கங்கள் இரண்டு வகை. முதல் வகை, உங்கட படங்களைத் தூரத்திலே யாரோ ஒருவரின் கணினிக்கு எடுத்துக்கொண்டுபோய், அங்கே கோர்த்துத் திருப்பி அனுப்பும். இரண்டாவது வகை, வேலை முழுவதையும் உங்கட கணினிக்குள்ளேயே, உலாவிக்குள்ளேயே செய்து முடிக்கும். படம் வீட்டை விட்டு வெளியே போகாது.

இந்த இரண்டாவது வகை இவ்வளவு இலகுவானதற்கு ஒரு டெனிஸ் காரணமும் உண்டு. பிரெடெரிசியாவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் ஓகூஸ் நகரில், லார்ஸ் பாக் தலைமையில் ஒரு சிறு குழு செய்த வி8 என்ற இயந்திரம் 2008இல் கூகுளின் குரோம் உலாவியோடு வெளிவந்தது. உலாவிக்குள் ஓடும் நிரல்களின் வேகத்தை அது பல மடங்காக்கியது.

எங்கே செய்தாலென்ன என்று கேட்கலாம். மற்ற ஆட்களுக்கு அது பெரிய விடயமாக இல்லாமல் இருக்கலாம். எங்கட படங்கள் அப்படியல்ல. 1995 இடப்பெயர்வில் அல்பங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் எத்தனை! மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு படங்களில் ஊரில் இன்றும் இருக்கிறவர்களின் முகங்களும், காணாமல் போனவர்களின் முகங்களும் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் எடுத்த படமென்றால், எடுத்த இடமும் நேரமும்கூட அந்தக் கோப்புக்குள் ஒளிந்திருக்கலாம். அதை முகம் தெரியாத ஒருவரிடம் ஏன் கொடுப்பான்?

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பக்கம் திறந்தபிறகு இணையத்தை நிறுத்துங்கோ. பிறகு படங்களைத் தெரிவுசெய்து, செய்யச் சொல்லுங்கோ. வேலை நடந்தால் எல்லாம் உங்கட கணினிக்குள்தான் நடக்கிறது. முடிந்ததைச் சேமித்து, பக்கத்தை மூடிவிட்டு, அதன்பின் இணையத்தைத் திரும்பப் போடுங்கோ. நடக்காவிட்டால் அந்தப் பக்கத்துக்கு வீட்டுப் படங்களைக் கொடுக்காதேங்கோ.

இனி என்ன செய்யலாம்? பள்ளிக்கூடத்தில் வருசாவருசம் எடுத்த பிள்ளையின் படங்கள் ஒன்பது இருந்தால், கண்கள் ஒரே இடத்தில் வரும்படி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அரை வினாடி கொடுங்கோ. ஒன்பது வருச வளர்ச்சியை நாலரை வினாடியில் ஊரிலுள்ள அம்மம்மா பார்ப்பா. 1858இல் வைத்த எங்கட நகரத்துப் போர்வீரன் சிலையை, ஒரே இடத்தில் நின்று பனிக்காலம், இளவேனில், கோடை, இலையுதிர்காலம் என்று நாலு தரம் எடுத்துக் கோர்த்தால், "அங்கை குளிர் எப்பிடி?" என்று கேட்கிற சொந்தக்காரருக்கு அதுவே பதில்.

தமிழ்ப் பள்ளிக்கு இது இன்னும் உதவும். 2002இல் தாய்மொழிக் கல்வி வழங்கும் கட்டாயத்திலிருந்து இந்த நாட்டின் நகரசபைகள், எங்களைப்போல் ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் விடயத்தில், விடுவிக்கப்பட்டன. தமிழ் எழுத்து இனி எங்கட கையில்தான். "ழ" எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று பிள்ளைக்கு அச்செழுத்து சொல்லாது. கடதாசியில் ஒவ்வொரு கோடாகக் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம் எடுத்துக் கோர்த்தால், எழுத்து கண்முன்னே தானாக எழும். மூத்த பிள்ளைகள் செய்யட்டும், இளையவர்கள் பார்த்துப் பழகட்டும்.

கடைசியாக ஒன்று. 2021இல் மைஹெரிட்டேஜ் நிறுவனம், பழைய படத்திலுள்ள முகம் கண்சிமிட்டிச் சிரிப்பதுபோல் செய்யும் வசதியை வெளியிட்டது. அதன்பின் இப்படிப் பல வந்துவிட்டன. நான் சொன்னது எடுத்த படங்களை வரிசையாகக் காட்டுவது. இது எடுக்காத அசைவைக் கணினி கற்பனை செய்து சேர்ப்பது. பறிகொடுத்த தாய்க்கு அது ஆறுதலாகலாம். ஆறாத புண்ணைக் கிளறவும் கூடும். அந்தச் சிரிப்பு மகனுடைய சிரிப்பல்ல. ஆகவே பிள்ளைகளே, ஆசையில் செய்து கொண்டுபோய் அப்பம்மாவின் கண்முன்னே நீட்டாதேங்கோ. முதலில் கேளுங்கோ. வேண்டாமென்றால் விட்டுவிடுங்கோ.

வீட்டு அல்பங்களை இந்தப் புத்தாண்டிலே ஒருக்கால் இறக்கிப் பாருங்கள். படத்துக்குப் பின்பக்கம் பெயரும் ஊரும் வருசமும் எழுதுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தால்தான் உண்டு. அசைய வைப்பது அதற்குப் பிறகு.