ஊருக்குப் போவதும் உல்லாசப் பயணமும்

மே மாதம் பிறந்துவிட்டால் மாதுங்கா மார்க்கெட்டில் எதிர்ப்படுகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி, "ஊருக்கு எப்போது?" என்பதுதான். எந்த ஊர் என்று எவரும் விளக்குவதில்லை. மும்பைத் தமிழருக்கு விடுமுறைப் பயணமென்றால் நெடுங்காலமாகத் தஞ்சைக்கோ, பாலக்காட்டுக்கோ, திருநெல்வேலிக்கோ சென்று மீள்வதுதான். இன்பத்துக்காக மட்டும் பிரயாணம் செய்வது துரைமார் காரியமென்று நம் முன்னோர் எண்ணியிருந்தனர்.

அதற்குக் காரணம் பணம் மட்டும் அன்று. 1871-இல் ராய்ச்சூரில் இருபுறத்து இருப்புப்பாதைகளும் கூடியபின், பம்பாயும் சென்னையும் ரயிலால் இணைந்தன என்பது மெய்யே. ஆயினும், அந்தச் சுமார் 1,280 கிலோமீட்டரை மூன்றாம் வகுப்பு மரப்பலகையில் அமர்ந்து கடப்பது இலேசா? படுக்கைச் சுருள், கூஜாத் தண்ணீர், இரண்டு நாளைக்குத் தாங்கும் புளியோதரை ஆகியவற்றைச் சுமந்து ஏறினால், இறங்கும்போது கண்ணில் கரித்தூள்தான் மிஞ்சும் என்று என் பாட்டியார் சொல்வார்.

1956-இல் மத்திய சர்க்கார் தன் ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகையை வழங்கிற்று. முதலில் அது சொந்த ஊருக்கு மட்டுமே. பின்னர், நான்காண்டுக்கு ஒருமுறை இந்தியாவில் எவ்விடத்துக்கும் செல்லலாம் என விரிந்தது. சர்க்கார் விதிகளை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் நான். அவற்றில் இன்பம் காண்பது அபூர்வம். இவ்விதிக்கு மட்டும் நன்றி பாராட்டுகிறேன். என் சிறு வயதில், 1980-களின் பிற்பகுதியில், என் தந்தையார் எங்களைப் பூரிக்கு அழைத்துச் சென்றது இதன் தயவால்தான். சலுகை வண்டிக் கட்டணத்தோடு நின்றுவிடும். ஆகவே சத்திரத்தில் தங்கினோம். உறவினர் ஒருவர்கூட இல்லாத ஊரில், எவர் வீட்டு விசேஷத்துக்கும் கட்டுப்படாமல், நாள் முழுதும் கடலைப் பார்த்திருந்தது அதுவே முதல் முறை!

இதற்கிடையே வண்டிகளும் மாறின. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. 1977-இல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளுக்கு மெத்தை போடச் செய்தார். எளியவர் முதுகை நினைத்த மந்திரி என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது. 2002 முதல் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் டிக்கெட் வாங்கலாம். விமானமோ சென்னையை இரண்டு மணி நேரத்துக்குள் கொணர்ந்துவிட்டது.

ஆனால் இந்தச் சௌகரியமெல்லாம் முன்கூட்டித் தேதி குறிக்கக் கூடியவருக்கே. ரயிலில் 60 நாள் முன்னதாகவே பதிவு தொடங்குகிறது. விமானத்திலும் முந்தியவருக்கே பெரும்பாலும் மலிவு. நாளை லீவு கிடைக்குமா என்றறியாத தினக்கூலிக்காரருக்கு எஞ்சுவது பதிவில்லாப் பெட்டிதான்.

சென்ற ஆண்டு, செம்பூருக்கு அருகிலுள்ள லோகமான்ய திலகர் நிலையத்தில், அப்பெட்டிக்கான வரிசையில் தாராவித் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவரைச் சந்தித்தேன். அம்மன் கொடைக்காகத் திருநெல்வேலிப் பக்கம் போகிறாராம். குளிர்பதனப் பெட்டிக்கான டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது.

"எத்தனை நாள் லீவு?" என்றேன்.

"நேத்து ராத்திரிதான் சரின்னாங்க, அண்ணாச்சி. ஆறு நாள். போக வர மூணு நாள், கொடைக்கு மூணு நாள். ஆறு நாளுக்கும் கூலி கிடையாது" என்றார். வண்டி வந்து நின்றது; அவர் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார்.