மதிப்பீட்டில் விடுபட்ட ஒரு வரி
வீடு பழுதுபார்க்கும்போது நம் உடல்நலமும் பாதுகாப்பும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் சுகாதாரக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குழுக்களுக்கு வரும் கடன் மனுக்களில், மாடு வாங்க, பிள்ளைகள் படிப்புக்கு என்பதற்கு அடுத்தபடியாக அதிகம் வருவது வீடு பழுதுபார்க்கத்தான். மழைக்கு முன்னால கூரை மாத்தணும், பொங்கலுக்கு வெள்ளை அடிக்கணும், பொண்ணு பெரியவளாயிட்டா, கழிப்பறை கட்டணும். எல்லாமே நியாயமான தேவைகள். மனுவோடு மேஸ்திரி எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டும் வரும். சிமெண்ட் இத்தனை மூட்டை, செங்கல் இத்தனை, கம்பி இத்தனை கிலோ, கொத்தனார் கூலி இவ்வளவு என்று இருக்கும்.

அந்தச் சீட்டுகளை நாங்கள் எடுத்து வைத்துப் பார்த்தோம். ஆணி, சாக்குக்குக்கூட கணக்கு இருக்கு. வேலை செய்யறவங்க கைக்கும் கண்ணுக்கும் ஒரு ரூபாய் கணக்கு இல்லை. இன்னொன்றும் இல்லை. அது நாம்தான். சித்தாள் கூலி மிச்சமாகட்டும்னு நாமே கல் சுமக்கிறோம், கலவை கலக்கிறோம், சுவருக்குத் தண்ணி ஊத்துகிறோம். அதுக்கு நடுவில் சமைக்கவும் செய்கிறோம். கூலியும் இல்லை, கணக்கும் இல்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். வீட்டுச் சுவருக்கு 50,000 கடன் வாங்கும் நாம் உடம்பு என்ற சுவருக்கு என்ன செய்கிறோம்?

சிமெண்டும் சுண்ணாம்பும்

சிமெண்ட் தண்ணீர் பட்டு ஊறும்போது கடுமையான காரமாக மாறுகிறது. தொட்ட உடனே எரியாது, அதனால்தான் நாம ஏமாந்து போறோம். வெறுங்கையால் கலவை அள்ளுவோம், ஈரக் கலவையில் முட்டி போட்டு உட்காருவோம். சாயங்காலம் பார்த்தால் விரல் இடுக்கில் தோல் உரிந்து, முழங்காலில் புண்ணாகியிருக்கும். சிலருக்கு நாள்பட்ட அரிப்பாகவே தங்கிவிடும். எண்ணெய் தடவிக்கிட்டு இறங்கினா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. எண்ணெய் ஒருநாளும் கையுறை ஆகாது. ரப்பர் கையுறை போடுங்கள். கலவைக்குள் கால் வைக்க நேர்ந்தால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும். கலவை பட்ட துணியை உடனே மாற்றி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கரணை கழுவின வாளித் தண்ணியிலேயே கை கழுவாதீங்க. அதுவும் சிமெண்ட் தண்ணிதான்.

சுண்ணாம்பு இன்னும் மோசம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். கல்லைக் குவித்து வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றாமல், நிறையத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும், வேண்டாம். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. தலைக்கு மேலே வெள்ளை அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி போதும்.

கண்ணில் சுண்ணாம்போ சிமெண்டோ பட்டுவிட்டால்? தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய் எதுவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதற்குப் பிறகு. கழுவாமல் ஓடும் அந்த 20 நிமிடத்தில் பார்வை போய்விடலாம். கழுவின பிறகு எரிச்சல் குறைந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூரை மேல் ஏறும்போது

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரியின் அனுபவத்தை அவங்க சம்மதத்தோட சொல்றோம். பெயர் வேண்டாம். 40,000 ரூபாய் கடன் வாங்கி, வீட்டின் முன்பக்கத்துக்குச் சிமெண்ட் அட்டை போட்டார்கள். மாற்றுவதற்கு முன் பழைய அட்டை மேல் கிடந்த குப்பையைத் தள்ள அவங்களே ஏறினாங்க. வெயிலிலும் மழையிலும் கிடந்த அட்டை, பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. நடுவில் கால் வைத்ததும் உடைந்தது. இடுப்பெலும்பு முறிவு. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் ஐந்து மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. கூட இருந்து பார்த்துக்கொள்ள மகள் வேலையை விட்டாள். மூன்று தவணையைக் குழுவினரே சேர்ந்து கட்டினார்கள். பிறகு வெளியில் வட்டிக்கு வாங்கினார்கள். வீட்டுக் கடன் 40,000தான். விழுந்ததனால் வந்த கடன் அதைவிட அதிகம்.

இதில் யாரையும் குறை சொல்ல இல்லை. வேலைக்கு ஆள் வைக்கக் காசு இல்லாததால்தான் அவங்க ஏறினாங்க. அந்தக் காசு முதலிலேயே மதிப்பீட்டில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

சிமெண்ட் அட்டை மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. ஏறித்தான் ஆக வேண்டுமென்றால், கீழே உள்ள கட்டைகளின் மேல் தாங்குமாறு குறுக்கே அகலமான பலகை போட்டு அதன்மேல்தான் நிற்க வேண்டும். ஏணியைக் கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஏற வேண்டாம். யாராவது விழுந்துவிட்டால் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். முதுகெலும்பு அடிபட்டிருந்தால் அதுவே வாழ்நாள் ஊனமாகிவிடும். அசைக்காமல் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

அட்டையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் ஊரில் போடும் அட்டைகளில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார் கலந்திருக்கிறது. அட்டை சும்மா இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசு கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் தெரியவர 20, 30 வருடம்கூட ஆகும். அதனால் அட்டையை நனைத்துவிட்டுக் கழற்றுங்கள். உடைக்காமல் முழுசாக இறக்குங்கள். உடைந்த துண்டை வாசலில் போட்டு மிதிக்க வைக்காதீர்கள். காசு கொஞ்சம் கூடினாலும் தகரமோ ஓடோ போட முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள்.

மூடிய தொட்டிக்குள் இறங்காதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பழைய செப்டிக் டேங்கைத் திறந்து யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் விஷவாயு ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். நாற்றம் அடிக்கலையேன்னு நம்பி இறங்க வேண்டாம். அந்த வாயு அதிகமானால் மூக்கு வாசனையே பிடிக்காமல் போய்விடும். ஆளை இறக்குவது சட்டப்படியும் குற்றம். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்கினால், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. கழிவு உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

புதுத் தொட்டியில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். கழிவே சேராத புதுத் தொட்டியிலும் உயிர் போகிறது. மேல் தளம் போட்டு மூடிய தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை பல நாள் ஈரத்தோடு கிடந்து மக்கும். உள்ளே இருக்கும் பிராணவாயுவை அதுவே தின்றுவிடும். பலகை பிரிக்க இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். இப்படி ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் போன செய்தி வருடா வருடம் பேப்பரில் வருகிறது. புதுத் தொட்டியென்றாலும் எல்லா மூடியையும் நன்றாகத் திறந்து போட்டு, ஊதுவிசிறி வைத்து, உள்ளே நல்ல காற்றைச் செலுத்தச் சொல்லுங்கள். பலகை பிரிக்கத் தெரிந்த ஆள், இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க, அதன்பிறகுதான் இறங்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் காப்பாற்றக் குதிக்காதீர்கள். மேலிருந்தே கயிறால் இழுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

தொட்டிக்கு மூடி வரும்வரை பலகையும் முள்ளும் போட்டு மறையுங்கள். விளையாடும் பிள்ளைக்குப் பள்ளம் தெரியாது.

கரண்ட்

மொட்டை மாடியில் கம்பி கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பி போனால், வேலை தொடங்கும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நீளக் கம்பியைத் தூக்கித் திருப்பும்போது மேல் லைனில் பட்டுத்தான் பல உயிர் போகிறது. ஈரச் சுவரில் தொங்கும் ஒயர், ஒட்டுப் போட்ட ஒயரில் ஓடும் தண்ணி மோட்டார், இரண்டும் ஆபத்து. வயரிங் மாற்றும் வீடுகள் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்சையும் சேர்த்துப் போடுங்கள். உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் கண்சிமிட்டும் நேரத்தில் அது லைனைத் துண்டித்துவிடும்.

தூசி, பெயிண்ட், கொசு

சுவர் இடிக்கும் நாளிலும் டைல்ஸ் அறுக்கும் நாளிலும் வயதானவர்கள், கைக்குழந்தை, இழுப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சொந்தக்காரங்க வீட்டில் இருக்கட்டும். முந்தானையால் மூக்கை மூடினால் நுண்தூசி நிற்காது. என்-95 முகக்கவசம் வேண்டும். தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள்.

பழைய கதவு, ஜன்னல் கம்பியில் உள்ள பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பொடி சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். காய்ந்தபடி சுரண்டாமல், நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மிச்சமான தின்னரைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். டைல்ஸ் கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

கட்டடத்துக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மும் தொட்டியும் டெங்கு கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். வாரம் ஒரு நாள் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள்.

குழு செய்ய வேண்டியது

இத்தனையும் ஒரு பெண் தனியாகச் சொன்னால், "நீ சும்மா இரு, எங்களுக்குத் தெரியாதா" என்பார்கள். குழுவின் விதியாகச் சொன்னால் கேட்பார்கள். ஆகவே, நாங்கள் முன்வைக்கும் யோசனைகள் இவை:

1. வீடு பழுதுபார்க்கும் கடன் மனுவில் "பாதுகாப்புச் செலவு" என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இவை ஒரு மூட்டை சிமெண்ட் விலைக்குள் அடங்கும்.

2. ஒவ்வொரு குழுவும் இரண்டு செட் வாங்கி வைத்து, உறுப்பினர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முகக்கவசம் மட்டும் அவரவருக்குத் தனி.

3. கூரை மேல் ஏறும் வேலைக்கும் தொட்டி வேலைக்கும் ஆள் கூலி மதிப்பீட்டில் இல்லையென்றால், அதைச் சேர்த்து எழுதி வரச் சொல்லுங்கள். கடன் தொகை கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

4. 18 முதல் 70 வயது வரை உள்ள எல்லா உறுப்பினர்களும் வங்கிக் கணக்கு மூலம் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர வேண்டும். 2015-இல் தொடங்கிய திட்டம் இது. 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம் கிடைக்கும். சிகிச்சைச் செலவு இதில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. சித்தாள் வேலைக்குப் போகும் சகோதரிகள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஊக்குநர் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

6. துருப்பிடித்த ஆணி, கம்பி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரண ஜன்னி ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். கர்ப்பப்பை இறங்கி அவஸ்தைப்படுகிற அக்காமார்கள் நம் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். மூட்டையைப் பாதியாகப் பிரித்து இரண்டு நடையாகத் தூக்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இந்த ஆறு யோசனைகளையும் விவாதித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வரும்படி கேட்டுக்கொள்கிறோம். வேண்டாம் என்று முடிவெடுக்கும் குழு, அதற்கான காரணத்தையும் எழுதட்டும். சரியான காரணமென்றால் நாங்களும் திருத்திக்கொள்கிறோம்.