கடலில் வேகம், கரையில் நிதானம்

வாழ்க்கைக்கு இனிமை தருவது நிதானமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: "வேகமாப் போக வக்கில்லாதவன்தான் நிதானத்தைப் புகழுவான்." அப்படியா சங்கதி? வாங்க, கிரேக்க நாட்டு ஹைட்ரா தீவுக்குப் போவோம்.

ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நானும் என் மனைவியும் போய் இறங்கினோம். கார் இல்லை, பைக் இல்லை, ஹாரன் சத்தமே இல்லை! குப்பை வண்டி, தீயணைப்பு வண்டி போன்ற சிலவற்றுக்குத்தான் அனுமதி. மற்ற பாரமெல்லாம் கோவேறு கழுதை முதுகில். எங்கள் பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒன்று முணுமுணுக்காமல் படியேறுது. "உங்களைவிடப் பொறுமைசாலி"ன்னாங்க என் மனைவி!

சரி, இந்த ஊர்க்காரங்க வேகம் தெரியாதவங்களா? நெப்போலியன் காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை பிரெஞ்சுத் துறைமுகங்களை வளைத்து நின்றபோது, அந்தக் காவலுக்குள் கப்பலை விட்டுத் தானியம் விற்றுப் பணம் குவித்தவர்கள் ஐயா இவர்கள்! 1821இல் விடுதலைப் போர் வந்தது. லாசரோஸ் குந்தூரியோட்டிஸ் தன் செல்வத்தை வாரிக் கொடுத்தார். வணிகக் கப்பல்கள் போர்க்கப்பல்களாயின. இத்தீவின் மியாவுலிஸ், கடற்படைத் தளபதியாக நின்று துருக்கியரை எதிர்த்தார்.

ஓட வேண்டிய நேரத்தில் ஓடிய இனம், இன்று நடந்து வாழ்கிறது. இது இயலாமையா? இல்லை, தேர்ந்தெடுத்த நிதானம்! அங்கே தீப்பிடித்தால் வண்டி ஓடும். காய்கறி வாங்க ஓடாது. அவசரத்துக்கு வேகம் வேணும் ஐயா. வாழ்க்கையே அவசரமாகிவிடக் கூடாது!