ஒவ்வாமையும் நமது ஊகங்களும்



உடம்பிலே தடிப்பு எழுந்தால், "கிரந்திச் சாப்பாடு" என்று கூறி, அன்று உண்ட கறியின்மேற் பழி போடுவது நமது வழக்கம். கறி உண்மையிற் குற்றவாளிதானா என்று விசாரிப்போர் சிலரே.

சூரை மீனை எடுத்துக்கொள்வோம். உண்ட சிறிது நேரத்தில் முகஞ் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கிறது. உடனிருந்து உண்டவர்களுக்கும் அப்படியா என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டியது. பலருக்கும் ஆயின் அது பெரும்பாலும் ஒவ்வாமையன்று. குளிரில் வையாத மீனிலே விளைந்த ஹிஸ்ரமீன் என்னும் பொருளின் வேலை. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஒருவருக்கு மட்டும், அதுவும் உண்ணுந்தோறும் வருமாயின் ஒவ்வாமையை ஐயுறலாம்.

அப்பொழுது வைத்தியர் முன்கையில் மருந்துத் துளி இட்டு, ஊசி நுனியால் மெல்லக் குத்திப் பார்ப்பார். 15, 20 நிமிடத்தில் தடிப்பு எழும். அது மட்டுங்கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. உண்டு யாதொரு துன்பமும் அடையாதவரிடத்தும் அது எழுவதுண்டு. ஐயமிருப்பின் ஆஸ்பத்திரியில், வைத்தியர் முன்னிலையிலே, சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்தே துணிவர். இதையறியாது, வளரும் பிள்ளைகளுக்குப் பாலும் முட்டையும் மறுத்து அவர்களை வீணே மெலிய வைத்திருக்கிறோம்.

சொறிக்கும் தும்மலுக்கும் அன்ரிஹிஸ்ரமீன் குளிசை உதவும். மூச்சு முட்டி, குரல் கம்மி, மயக்கம் வந்தாலோ குளிசையை நம்பிக் காத்திருத்தல் பேராபத்து. தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்றும் அட்ரினலீன் ஊசியே அப்போது உயிர் காப்பது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மயங்குபவரைக் கிடத்தியே கொண்டு செல்லுங்கள், எழுந்து நடக்க விடவேண்டாம்.