ஊரை விட்டுப் போவதா, ஊரிலேயே இருப்பதா?

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் மகிழ்ச்சியைப் பேசுவது மரபு. ஆயினும் நம் சங்கம் மகிழ்ச்சியில் பிறந்த சங்கம் அன்று. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. வேலையிழந்தோர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நின்றுவிடக் கூடாதே என்னும் அச்சத்தில் அவ்வாண்டே பிறந்தது இச்சங்கம். ஆகவே, அன்று நம் லைன்களில் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த வினாவையே இன்று பேசும் பொருளாக எடுத்துக்கொண்டோம். வேலை போயிற்று; இனி ஊரை விட்டுப் போவதா, ஊரிலேயே இருப்பதா?

இஃது முடிந்துபோன பழங்கதை என்று இளைஞர்கள் எண்ண வேண்டா. இன்று பெங்களூரிலும் ஓசூரிலும் ஒப்பந்த வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர். ஒரு மாதக் கடைசியில் அவ்வேலை போனால் அவர்கள் முன்னும் இதே வினா வந்து நிற்கும். ஆதலின் எங்கள் அனுபவத்தை, எங்கள் பிழைகளையும் மறைக்காமல், உங்கள் முன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் ஒன்றை நினைவுகூர்வோம். நாம் தங்கவயலின் ஆதிக்குடிகள் அல்லர். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிய பின், வட ஆற்காடு, சித்தூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள் நம் முன்னோர். பஞ்சமும் பண்ணை அடிமைத்தனமும் அவர்களைத் துரத்தின. இங்கே மூங்கில் தட்டி வீட்டில் வாழ்ந்தார்கள்; 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை பூமியைக் குடைந்தார்கள்; ஏர் பிளாஸ்ட் என்று நாம் அழைக்கும் பாறை வெடிப்பில் மாண்டார்கள்; கல்தூள் நுரையீரலில் படிந்து இருமி இருமி ஓய்ந்தார்கள். ஆயினும், கூலியைக் கையில் காசாக வாங்கினார்கள். ஆண்டையின் களத்தில் நெல் அளக்கக் காத்து நிற்கும் நிலை ஒழிந்தது. அக்காசிலிருந்து பள்ளி எழுந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் கிளை விட்டது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் பிற்காலத்தில் இத்தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. ஊர் பெயர்தல் நம் முன்னோர்க்கு விடுதலையாக அமைந்தது என்று கூறின் மிகையாகாது.

அப்படியானால், சுரங்கம் மூடியதும் நாமும் அவர்களைப் போலவே புறப்பட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் வேறுபாடு உள்ளது. அவர்களுக்கு விட்டுவர ஒன்றும் இல்லை. நமக்கோ நான்கு தலைமுறையின் சேமிப்பு இருந்தது. அது பணம் அன்று. பள்ளி, சங்கம், நூலகம், சாதியைக் கேட்டு வீடு மறுக்காத தெரு, அவசரத்திற்குக் கைமாற்றுத் தரும் அண்டை வீடு ஆகியவையே அச்சேமிப்பு. இவற்றை மூட்டையாகக் கட்டி எடுத்துச் செல்ல இயலாது.

எங்கள் லைனில் அடுத்தடுத்திருந்த மூன்று வீடுகளின் கதையைச் சொல்கிறோம். பெயர்கள் வேண்டா, அவர்களின் மக்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும்.

முதல் வீட்டார் மூன்றே மாதத்தில் முடிவெடுத்தார்கள். சென்னையில் மைத்துனர் இருந்தார். "மச்சான், நீங்க வந்தாப் போதும், வாட்ச்மேன் வேலை தயாரா இருக்கு" என்று எழுதினார். வீட்டைப் பூட்டிச் சாவியை எங்களிடம் தந்து குடும்பத்தோடு சென்றார்கள். பிழைப்பு ஓடியது. மகள் அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது சாதிச் சான்றிதழ் குறுக்கே நின்றது. ஆதி திராவிடர் என்னும் பெயர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு. ஆயினும், 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவரின் பட்டியல் ஆணை வெளிவந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ அம்மாநிலத்தின் சலுகையே செல்லும் என்பது விதி. அப்பெண்ணின் கொள்ளுப்பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். ஆனால் 1950இல் பாட்டன் மைசூர் மாநிலத்தில் பாறை உடைத்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் அவள் கர்நாடகத்துப் பெண் ஆனாள். தெருவில் சாதி அவளைத் தொடர்ந்து வந்தது. சலுகை மட்டும் எல்லையில் நின்றுவிட்டது. இரண்டாண்டு தையற்கூடத்தில் உழைத்த பின்னரே அஞ்சல் வழியில் அவள் பட்டம் பெற்றாள்.

இரண்டாம் வீட்டார் இடம் பெயரவில்லை. வேலை மட்டும் பெயர்ந்தது. தந்தையார் சீசன் டிக்கெட் வாங்கினார். பொழுது விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயில் ஏறிப் பங்காரப்பேட்டை, மாலூர் வழியே ஒயிட்பீல்டில் இறங்குவார். இரவு சோறு ஆறிய பின் வீடு வந்து சேர்வார். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. மாதம் 25 நாள் வேலை என்றால் 125 மணி நேரம் இரயிலிலேயே கழியும். அதற்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. "நான் என் பிள்ளைங்களைத் தூங்குற முகமாத்தான் பாத்திருக்கேன் அண்ணே" என்று அவர் எங்களிடம் ஒருமுறை சொன்னார். மூத்தவன் தந்தையின் கண்டிப்பின்றிச் சில காலம் தடம் மாறித் திரிந்ததும் உண்மை. ஆயினும் பள்ளி மாறவில்லை, சான்றிதழ் கெடவில்லை, மாலையில் நம் சங்கத்து வகுப்புக்கு வந்து விளக்கடியில் அமர்ந்தான். இன்று அவன் பட்டயப் பொறியாளன்.

மூன்றாம் வீட்டைப் பற்றிப் பேசுங்கால் எங்கள் நா தழுதழுக்கிறது. அவ்வீட்டார் எங்கள் அறிவுரையைக் கேட்டவர்கள். "சுரங்கம் மீண்டும் திறக்கும், வழக்கு நடக்கிறது, பொறுத்திருங்கள்" என்று நாங்களே கூறினோம். எத்தனை காலம் பொறுப்பது என்று நாங்கள் கூறவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கைக்கு வந்த தொகை ஒரு திருமணத்திற்கும், ஒரு வைத்தியத்திற்கும், அன்றாடச் சோற்றிற்குமாகக் கரைந்தது. மூன்றாண்டு கழித்து, வெறுங்கையோடும் வட்டிக்கடனோடும் அவர்கள் பெங்களூர் புறப்பட்டபோது அட்வான்ஸ் கொடுக்கவும் வழியில்லை. இளையவன் எட்டாம் வகுப்போடு நின்றான். எந்தப் பிள்ளைகளுக்காக இச்சங்கத்தைத் தொடங்கினோமோ, அவர்களுள் ஒருவனை எங்கள் வாய்ச்சொல்லே பள்ளியிலிருந்து நிறுத்தியது. நம்பிக்கை ஊட்டுவது தலைவர்களின் கடமை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். நாள் குறிக்காத நம்பிக்கை ஏழைக்குக் கடனாக முடியும் என்பதை அவ்வீடு எங்களுக்குக் கற்பித்தது.

இம்மூன்று வீடுகளிலிருந்தும் நாங்கள் கற்ற பாடங்களைத் தொகுத்துக் கூறுகிறோம்.

முதற்பாடம், பணத்தைப் பற்றியது. ஆலை மூடினால், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு என்பதே 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் அன்று விதித்திருந்த கணக்கு. இருபதாண்டு உழைத்தவருக்கு 300 நாள் ஊதியம்; ஓராண்டுச் சம்பளம்கூட முழுமையாக இல்லை. அதற்குமேல் எவ்வளவு கிடைத்தாலும் அஃது ஒருமுறை வரும் தொகையே. மொத்தமாகக் கையில் வருவதால் பெரிதாகத் தோன்றும். அது வந்த அன்றே, ஊர் மாறினால் வேண்டிய அட்வான்ஸ், முதல் மூன்று மாதச் செலவு, பிள்ளைகளின் கட்டணம் ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்தல் வேண்டும். போகாவிட்டாலும் அப்பணத்தைத் தொடலாகாது. போக முடியும் என்னும் நிலையில் இருப்பவனே, இருப்பதா என்று சிந்திக்கும் உரிமை உடையவன்.

இரண்டாம் பாடம், காலத்தைப் பற்றியது. காத்திருப்பதாயின் நாள் குறித்துக் காத்திருங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ, வீட்டில் உள்ளோர் அனைவரும் அறிய ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். அத்தேதி வந்ததும் புதிய செய்தி உண்டா என்று பாருங்கள். செய்தி இல்லையெனில் புறப்படுங்கள்.

மூன்றாம் பாடம், சான்றிதழைப் பற்றியது. மாநிலம் விட்டு மாநிலம் சென்றால் கல்வியிலும் மாநில அரசுப் பணியிலும் நம் இட ஒதுக்கீடு உடன் வராது என்பதை 1990இலும் 2018இலும் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வுகள் உறுதி செய்துள்ளன. மைய அரசுப் பணிக்குச் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். எனவே, ஓசூருக்குச் செல்வதும் ஒயிட்பீல்டுக்குச் செல்வதும் நமக்கு ஒன்று அன்று. தொலைவு ஒத்திருக்கலாம், நடுவில் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. பிள்ளைகளுக்குரிய சான்றிதழ்களைப் புறப்படுமுன் பெற்று வையுங்கள். தொழிற்கல்விக்கு இத்தனை ஆண்டு இம்மாநிலத்திலேயே பயின்றிருக்க வேண்டும் என்னும் விதிகளும் உள்ளன. அவற்றையும் கேட்டறிந்த பின்னரே பள்ளியை மாற்றுங்கள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருக்கும் பிள்ளையை ஆண்டின் நடுவில் பெயர்க்காதீர்கள்.

நான்காம் பாடம், குடியிருப்பைப் பற்றியது. புதிய ஊரில் வேலை கிடைத்த மாத்திரத்தில் வீடும் கிடைத்துவிடும் என்று எண்ணுவது நம்மவர்க்குப் பொருந்தாது. அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று, 1917இல் பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சியர் விடுதியில் ஒதுங்கியிருந்தவரைத் தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். பூங்காவில் அமர்ந்து கண்ணீர் உகுத்துப் பரோடாவை விட்டே அகன்றார். அவ்வளவு படித்தவருக்கும் வீடு கிடையாமையே வேலையைப் பறித்தது. ஊரும் பேரும் கேட்டுக் கதவை மூடுவோர் இன்றும் நகரங்களில் உள்ளனர். ஆகவே முதலில் ஒருவர் மட்டும் செல்லட்டும். விடுதியிலோ உறவினரிடமோ தங்கித் தெருவை அறியட்டும். குடும்பம் பின்னர் செல்லட்டும்.

ஐந்தாம் பாடத்தைக் கூறுமுன் தாய்மார்களிடம் மன்னிப்புக் கோருகிறோம். அன்று நாங்கள் நடத்திய கூட்டங்களில் ஆண்களையே கேட்டோம். இருமும் மாமனாரை யார் பார்ப்பது, ரேஷன் அட்டையை எங்கே மாற்றுவது, புதிய ஊரில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேட வேண்டியவர்கள் பெண்கள். அவர்களைக் கேளாமல் எடுத்த முடிவுகள் பல ஆறு மாதத்தில் முறிந்தன. கணவனும் மனைவியும் வயது வந்த பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து பேசாத முடிவு எங்கள் கருத்தில் முடிவே அன்று.

அப்படியானால் உங்கள் தீர்ப்புத்தான் என்ன, போவதா இருப்பதா என்று நீங்கள் கேட்கலாம். எல்லா வீட்டிற்கும் பொருந்தும் ஒரே விடையைச் சொல்லிப் பட்டவர்கள் நாங்கள். மறுமுறை அப்பிழையைச் செய்ய மாட்டோம். ஊர்ப்பற்று நல்லதுதான். ஆயினும், சயனைடு மேட்டிலிருந்து காற்றடிக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு வெறுமனே காத்திருப்பது ஊர்ப்பற்று ஆகாது. போவதும் நல்லதுதான். ஆயினும், பிள்ளையின் உரிமையை எல்லையில் விட்டுவிட்டுப் போவது முன்னேற்றம் ஆகாது. பிள்ளையின் படிப்பு எந்தப் பக்கம் அறுபடாமல் நீளுமோ அந்தப் பக்கம் செல்லுங்கள். அதுவே எங்கள் அளவுகோல்.

சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். இரவுப் பாடசாலை நடத்துவதோடு நம் கடமை முடியவில்லை. வேலையிழந்து வரும் குடும்பத்தோடு அமர்ந்து பணக்கணக்கும் சான்றிதழ்க் கணக்கும் பார்த்துச் சொல்ல இருவர் ஞாயிறுதோறும் இக்கட்டடத்தில் இருக்கட்டும். ஊர் பெயர்ந்து சென்ற நம்மவரின் முகவரிகள் ஒரு பதிவேட்டில் இருக்கட்டும். புதிதாகச் செல்வோர்க்கு முதல் இரவு தங்க ஒரு திண்ணையேனும் அதனால் கிடைக்கும். முதல் வீட்டார் தந்த சாவி இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதனைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு, அவர்களுடைய முகவரியையே அப்பதிவேட்டின் முதல் வரியாக எழுத விரும்புகிறோம்.

 ஜெய்பீம்!